பிள்ளையும் வேலையும்: இலங்கை மலையகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள், புதிதாகக் கல்யாணம் முடித்தவர்கள், முதல் பிள்ளையை எதிர்பார்த்திருப்பவர்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். தோட்டத்தில் கொழுந்து பறித்தாலும் சரி, ஹட்டனில் புடவைக்கடையில் நின்றாலும் சரி, நுவரெலியா ஹோட்டலிலோ கார்மெண்ட் தொழிற்சாலையிலோ பாடசாலையிலோ இருந்தாலும் சரி, பிள்ளை பிறக்கும்போதும் வீட்டில் ஒருவர் படுக்கையில் விழும்போதும் உங்களுக்கென்று சட்டத்தில் சில உரிமைகள் இருக்கின்றன. ஆனால் எல்லாருக்கும் ஒரே சட்டம் கிடையாது. சட்டம் கொடுத்ததும் தானாக வீடு தேடி வராது. உங்கள் பெயர் ஏட்டில் எத்தனை நாள் விழுந்திருக்கிறது, கையில் என்ன கடதாசி இருக்கிறது என்பதை வைத்துத்தான் எல்லாம் முடிவாகிறது. இந்த இரண்டும் தெரியாமல் கிடைக்கவேண்டிய காசை விட்டவர்கள் நம் லயங்களில் நிறையப்பேர்.

முதல் வேலை: நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள் என்று பாருங்கள்

தோட்டம், தேயிலைத் தொழிற்சாலை, கார்மெண்ட் என்றால் உங்களுக்குரியது 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். கடை, அலுவலகம், ஹோட்டல் என்றால் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம். அரசாங்க ஆசிரியர், அரச உத்தியோகத்தர் என்றால் தாபனக் கோவை, அதாவது அரச ஊழியருக்கான விதிகளின் தொகுப்பு.

தனியார் துறையின் இரண்டு சட்டங்களிலும் மகப்பேற்று விடுமுறை 84 நாள்தான். எண்ணுகிற விதத்தில்தான் வித்தியாசம். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் அது 12 வாரம், ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறையும்) அதற்குள் அடக்கம். கடை, அலுவலகத்தில் வார விடுமுறை, போயா, சட்டப்படியான விடுமுறை நாட்கள் 84இல் சேராது. ஆகவே அங்கே மொத்தமாகக் கூடுதல் நாட்கள் வீட்டில் இருக்கலாம். காசிலும் வித்தியாசம் உண்டு. கடை, அலுவலகத்தில் முழுச் சம்பளம். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கோ கிலோக் கணக்குக்கோ வேலை செய்பவருக்கு ஏழில் ஆறு பங்கு. ஒரே நகரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கு இப்படி வேறுவேறு கணக்கு இருப்பது நியாயமே இல்லை என்பது என் எண்ணம். ஆனாலும் இன்று நடைமுறையில் இருப்பது இதுதான், தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அரச உத்தியோகத்தருக்கு 84 வேலை நாள் முழுச் சம்பளத்தோடு, அதற்குப் பிறகு 84 நாள் அரைச் சம்பளத்தோடு, அதற்கும் பிறகு 84 நாள் சம்பளமில்லாமல் எடுக்க வழி இருக்கிறது. மலையகத்தில் புதிதாக ஆசிரியர் நியமனம் பெறும் தங்கச்சிமார் பலர் முதல் 84 நாளோடு ஓடிவந்துவிடுகிறார்கள். தூரத்துத் தோட்டப் பாடசாலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டியவர்கள் அரைச் சம்பள லீவையாவது யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று. "மூணாவது பிள்ளைக்கு அரைவாசி லீவுதான்" என்ற பேச்சு தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. முன்பு அப்படித்தான் இருந்தது. 2018இல் இரண்டு சட்டங்களையும் திருத்தி அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். மூன்றாவதோ நான்காவதோ, 84 நாள்தான். குழந்தை உயிரோடு பிறக்காமல் போனால் ஆறு வாரம். அந்த நேரத்தில் அதைக் கேட்க யாருக்கும் வாய் வராது. அதனால் வீட்டில் இன்னொருவருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

இரண்டாவது: 150 நாள்

தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள சட்டத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் அந்த முதலாளியிடம் குறைந்தது 150 நாள் வேலை செய்திருக்கவேண்டும். மாதத்துக்கு 12, 13 நாள் என்று கணக்கிட்டால் இலகுவாகத் தெரியும். ஆனால் ஆனி, ஆடி மழையில் சில நாள், மசக்கையில் சில நாள், மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சில நாள், மாமியாரைக் கிளினிக்குக் கூட்டிப்போனதில் சில நாள் என்று குறைந்துகொண்டே வரும்.

இதைவிடப் பெரிய ஓட்டை 'கைக்காசு'. ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை முடிந்த பிறகும் கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கும் வேலை செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைநாள் ஏட்டில், ஏறாமல் போய்விடலாம். ஏறாத நாளுக்கு ஓய்வுக்காலத்துக்கென்று சேரும் ஊழியர் சேமலாப நிதியும் இல்லை, இந்த 150இல் இடமும் இல்லை. அன்றைக்குக் கையில் வரும் காசு ஆறுதல்தான், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் கர்ப்பமாகத் திட்டமிடும் வருடத்தில் பெயர் விழும் நாளை விட்டுவிட்டுக் கைக்காசுக்குப் போகாதீர்கள். அதேபோல, சில தோட்டங்களில் தேயிலை மலையைப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்து, கொழுந்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் முறை வந்திருக்கிறது. அதில் கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதற்குப் பிறகு நான் தோட்டத்தின் தொழிலாளியா இல்லையா? பதில் எழுத்தில் வேண்டும். தொழிலாளி இல்லை என்றால் பிரசவக் காசு, சேமலாப நிதி இரண்டும் கேள்விக்குறியாகிவிடும்.

செய்யவேண்டியது சின்ன வேலை. ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். பெரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு) போன ஒவ்வொரு நாளும் திகதி, எத்தனையாம் நம்பர் மலை, பறித்த கிலோ, முழுப்பேரா (முழுநாள் சம்பளமா) அரைப்பேரா என்று எழுதுங்கள். மாதம் முடிய வரும் சம்பளச் சிட்டையை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். நாட்கணக்கு இடித்தால் அந்த மாதமே கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது, உங்களுக்கும் இருக்காது. எழுதத் தெரியாத அம்மாமாருக்கு வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக்கொடுக்கட்டும்.

கடை, அலுவலகத்தில் சேர்கிறவர்கள் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த திகதி அதில் இருக்கவேண்டும். "வாயால் சொன்னது போதாதா" என்று முதலாளி கேட்டால், சேமலாப நிதிக்குத் தேவை என்று சொல்லுங்கள். பிறகு மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் கட்டப்படுகிறதா என்றும் பாருங்கள். வேலையில் இருந்ததற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேறு இல்லை.

மூன்றாவது: கர்ப்பம் என்று தெரிந்ததும்

முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம், நாம் 'மிட்வைஃப்' என்று கூப்பிடுகிறவரிடம், பதியுங்கள். அவர் தரும் கர்ப்பவதிப் பதிவட்டை உடம்புக்கு மட்டுமல்ல, உங்கள் உரிமைக்கும் சாட்சி. பிரசவத் திகதி அதில்தான் இருக்கிறது. போசாக்குப் பொதிக்கான வவுச்சரும் திரிபோஷ சத்துமாவும் இந்தப் பதிவின் வழியாகத்தான் வரும்.

அடுத்து, வேலையிடத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். நீளமாக எழுதத் தேவையில்லை:

"துரை அவர்களுக்கு, நான் இந்தத் தோட்டத்தின் … டிவிசனில் … இலக்கத்தில் வேலை செய்கிறேன். நான் கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவத் திகதி … என்று கிளினிக்கில் குறித்திருக்கிறார்கள். எனக்குரிய மகப்பேற்று விடுமுறையையும் கொடுப்பனவையும் தரும்படியும், அதுவரை பாரமில்லாத வேலை தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஒப்பீசில் திகதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கிளினிக் அட்டையின் போட்டோக் கொப்பி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையை அந்த சி.ஆர். கொப்பியிலேயே ஒட்டிவையுங்கள்.

பாரமில்லாத வேலை என்பது தயவு கேட்பதல்ல. பிரசவத்துக்கு முந்தைய மூன்று மாதமும் பிந்தைய மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு வரக்கூடிய வேலையில் தெரிந்துகொண்டே போடக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. மருந்தடித்த மலை, செங்குத்தான சரிவு, நனைந்த கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நிறுவைக்கு நடப்பது எல்லாம் அதற்குள் வரும் என்றுதான் நான் சொல்வேன். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. கார்மெண்டிலும் கடையிலும் நேராக நிறுத்தமாட்டார்கள், "நீயே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போ, பிறகு வந்து சேர்" என்பார்கள். அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். நீங்களே விலகியதாக ஆனால் லீவும் போச்சு, காசும் போச்சு.

லீவைப் பிரித்துப் பார்த்தால், தோட்டத்துச் சட்டப்படி பிரசவ நாளையும் சேர்த்து அதுவரை இரண்டு வாரம், பிறகு பத்து வாரம். பிரசவத்துக்குப் பிந்தைய நான்கு வாரத்துக்குள் நீங்களே விரும்பினாலும் வேலைக்கு எடுக்கக்கூடாது. பிள்ளை பிறந்ததும் பிறப்புப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள், கொடுப்பனவுக்கும் பிறகு எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்கப்படும்.

நான்காவது: திரும்பி வேலைக்கு வரும் நாள்

இதுதான் கஷ்டமான கட்டம். இதைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லிக்கொடுப்பதில்லை.

காலையில் பெரட்டுக்கு முன் பிள்ளைக்காம்பராவின் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தின்) வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? கம்பளிக்குள் சுருட்டிய குழந்தை ஒரு கையில், மாற்றுடுப்பும் துண்டும் போட்ட பை மறுகையில், தலையில் படங்கு. பிள்ளையைக் கொடுத்துவிட்டு அம்மா இரண்டு எட்டு நடந்து திரும்பிப் பார்ப்பாள். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதனால் நிற்கவும் முடியாது.

பாலூட்டும் இடைவேளை உங்கள் உரிமை. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை. பிள்ளைக்காம்பராவோ பாலூட்டத் தகுந்த இடமோ வேலையிடத்தில் இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம். இல்லையென்றால் குறைந்தது ஒரு மணி நேரம். சாப்பாட்டு இடைவேளையோடு இதைச் சேர்க்க முடியாது, இது வேறு.

கடதாசியில் 30 நிமிடம் நன்றாகத்தான் இருக்கிறது. மலையில் என்ன நடக்கிறது? மேல்மலையில் நிற்கும் அம்மா படங்கை அவிழ்த்து வைத்துவிட்டு, அட்டை கடிக்கிற பாதையில் இறங்கிப் பிள்ளைக்காம்பராவுக்கு வருவதற்கே கால் மணி நேரம் ஆகும். ஏறிப்போக அதைவிட அதிகம். அங்கே கை கழுவி, நனைந்த துணியை மாற்றி உட்காரும்போது நேரம் முடிந்திருக்கும். கிலோ குறைந்தால் பேர் குறையும் என்ற பயத்தில் பலர் போவதையே விட்டுவிட்டு, மூன்றாம் மாதத்திலேயே போத்தலுக்கு மாறிவிடுகிறார்கள். இதற்கு மூன்று விஷயம் செய்யலாம்.

வேலைக்குத் திரும்பும் முதல் நாளே கேளுங்கள்: "ஐயா, புள்ளைக்கு இன்னும் ஒரு வருசமாகல. பால் குடுக்கப் போய் வரணும். பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்ட இருக்குற மலையில போடுங்க." இப்படிப் போடவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பல தோட்டங்களில் பால் கொடுக்கும் அம்மாமாரை ஒரே கூட்டமாகக் கிட்ட மலையில் விடும் வழக்கம் முன்பிருந்தே இருக்கிறது. தனியாகக் கேட்பதைவிட நான்கைந்து பேராகக் கேளுங்கள். இரண்டாவதாக, பாலூட்டப் போன நேரத்துக்கு ஏற்றபடி அன்றைய கிலோ நிறையைக் குறைக்கும்படி தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் மூலம் பேசுங்கள். சந்தா கட்டுகிற சங்கத்துக்குச் சம்பளம் மட்டும்தான் பேச்சாக இருக்கக்கூடாது. மூன்றாவதாக, தாய்ப்பாலைச் சுத்தமான மூடி போட்ட பாத்திரத்தில் பிழிந்து வைத்துவிட்டுப் போவது எப்படி என்று மிட்வைஃபிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மலைக் குளிர் அதற்கு நமக்குக் கொஞ்சம் உதவி.

பிள்ளைக்காம்பரா என்று நாம் சொல்வதை இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். தோட்டங்கள் 1992இல் தனியார் கம்பெனிகளிடம் போனபோது ஏற்படுத்தப்பட்ட பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வை இவற்றுக்கு உண்டு. சேர்க்கும் முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார், கொதித்தாறிய தண்ணீர் இருக்கிறதா, மழைக்காலத்தில் தரை நனைகிறதா, கக்கூசில் தண்ணீர் வருகிறதா, எத்தனை மணிவரை திறந்திருக்கிறது. அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். நிறுவை முடிந்து நீங்கள் வரும் நேரமும் நிலையம் மூடும் நேரமும் ஒத்துவராவிட்டால் பிள்ளையை யார் எடுப்பது என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். அக்காப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பார்க்கச் சொல்வது மட்டும் முடிவாக இருக்கவேண்டாம். ஒரு பிள்ளையின் பாலுக்காக இன்னொரு பிள்ளையின் படிப்பைக் கொடுக்கிறோம்.

நகரத்தில் கடை, அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் இல்லை. தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ பஸ்ஸில் வருகிறவர்கள் அம்மாயியை நம்பித்தான் ஓடுகிறார்கள். அப்படியானால் இரண்டு பாலூட்டும் நேரத்தையும் சேர்த்து மாலையில் முன்னதாகப் போக முடியுமா என்று முதலாளியிடம் பேசிப் பாருங்கள். சம்மதித்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். கடையில் பெண்களை இரவு 8 மணிக்குப் பிறகு வைத்திருக்கக்கூடாது என்பது விதி. ஹோட்டலில் 10 மணிவரை போகலாம். சித்திரைக்கும் தீபாவளிக்கும் கடைகள் இதை மறந்துவிடுகின்றன.

அப்பாமாருக்கு

அரச உத்தியோகத்தருக்குப் பிள்ளை பிறந்தால் 3 நாள் தந்தையர் விடுமுறை உண்டு. தனியார் துறைக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே அமய விடுமுறை ('கேஷுவல் லீவு') நாட்களைப் பிரசவ மாதத்துக்கென்று மிச்சம் பிடித்து வையுங்கள். கொழும்பில் வேலை செய்யும் தம்பிமாருக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன். தீபாவளிக்கு அந்த அமய விடுமுறை ஏழு நாளையும் முடித்துவிட்டு வந்தால், ஆஸ்பத்திரி வாசலில் உங்கள் மனைவியோடு நிற்க ஆள் இருக்காது.

பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு வாதம்

பிள்ளை பிறப்பதற்குத்தான் சட்டம் இருக்கிறது, வளர்ப்பதற்கும் வயதானவரைப் பார்ப்பதற்கும் தனியாக லீவு இல்லை. ஆகவே இருக்கும் லீவைக் கணக்காகப் பயன்படுத்தவேண்டும்.

கடை, அலுவலகத்தில் இரண்டாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் உண்டு. முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அமய விடுமுறை. முதல் வருடம் முடிந்து வரும் வருடாந்த விடுமுறை நீங்கள் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் சேர்ந்தால் 14, ஏப்ரல் முதல் ஜூன்வரை 10, ஜூலை முதல் செப்டெம்பர்வரை 7, அதற்குப் பிறகு 4. சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம் எல்லாம் அமய விடுமுறைக்குள் அடங்கும். "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்பது நியாயமான காரணம், பொய் சொல்லத் தேவையில்லை.

தோட்டத்தில் சம்பளத்தோடு கிடைக்கும் வருடாந்த விடுமுறை, முந்தைய வருடம் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மறுபடியும் அந்தச் செக்ரோல்தான். வாரக்கணக்கில் ஒருவரைப் பார்க்கவேண்டி வந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். வைத்தியசாலைத் துண்டின் கொப்பியோடு சம்பளமில்லாத லீவுக்கு எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்காத நாட்கள் எல்லாம் பிறகு "தானாக வேலையை விட்டுப் போனாள்" என்று ஏட்டில் மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. வீட்டில் வயோதிபரோ மாற்றுத்திறனாளியோ இருந்தால் பிரதேச செயலகத்தில் உதவிப்பணத்துக்கு ஜி.எஸ். (கிராம சேவகர்) வழியாக விண்ணப்பியுங்கள்.

இரவு வேலை, சேமலாப நிதி: இரண்டு எச்சரிக்கை

கார்மெண்டில் இரவு வேலைக்கு உங்கள் விருப்பமில்லாமல் கட்டாயப்படுத்த முடியாது. 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டப்படி, காலை 6 முதல் மாலை 6க்குள் வேலை செய்த பெண்ணை இரவு 10க்குப் பிறகு வேலையில் வைக்கக்கூடாது. மாதத்தில் 10 இரவுக்கு மேலும் போடக்கூடாது. இரவுக்குச் சம்பளம் ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது.

கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண் சேமலாப நிதியை முழுக்க எடுக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. நகைக்கும் மண்டபத்துக்கும் அதை எடுக்கச் சொல்லி வீட்டில் கேட்பார்கள். என்னைக் கேட்டால் தொடவேண்டாம். பத்து வருடம் கட்டி மூன்று இலட்சம் ரூபாய் சேர்ந்தவர்களுக்கு வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் அதில் 30 வீதம் எடுக்கும் வழி இருக்கிறது, அந்த நேரத்துக்கு அது கைகொடுக்கும்.

தரமாட்டோம் என்றால்

முதலில் தோட்ட ஒப்பீசுக்கோ முதலாளிக்கோ எழுத்தில் கேளுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். அப்புறம் சங்கத்தின் மாவட்டக் காரியாலயம். அங்கும் இழுபட்டால் நேராகத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். நுவரெலியா, ஹட்டன், பதுளை, கண்டியில் இருக்கிறது. முறைப்பாட்டுக்குக் காசு இல்லை, சங்க அங்கத்துவமும் தேவையில்லை. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், சிங்களத்தில் எழுத ஆள் தேடி அலையவேண்டாம். எந்த அலுவலகம் என்று குழப்பமாக இருந்தால் 1919க்கு எடுத்துக் கேளுங்கள்.

போகும்போது அடையாள அட்டை, சம்பளச் சிட்டைகள், கிளினிக் அட்டை, பிறப்புச் சான்றிதழ், கையெழுத்து வாங்கிய கடிதப் பிரதி, அந்த சி.ஆர். கொப்பி எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். அசலைக் காட்டுங்கள், கொப்பியைக் கொடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் எழும்பி வராதீர்கள். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றால் நாளை எண்ணத் தொடங்குங்கள்: தொழில் நியாய சபைக்குப் போக நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதம்தான். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, முந்தைய ஒரு வருடத்தில் 180 நாள் வேலை செய்திருந்தால், தொழில் ஆணையாளரிடமும் முறையிடலாம், அதற்கும் அதே ஆறு மாதம். சங்கக்காரர் பேசிக்கொண்டிருக்கிறார், துரை மாறட்டும், தேர்தல் முடியட்டும் என்று காத்திருப்பதற்காக அந்த ஆறு மாதம் நிற்காது.